மாதப் பணம் வராவிட்டாலும் சனிக்கிழமை பிள்ளைகளை அனுப்பத்தான் வேண்டுமா?

நீங்கள் எழுதியதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். கடலூர் குடும்ப நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்தாகி 14 மாதம் ஆகிறது. எட்டு வயது மகனும் நான்கரை வயது மகளும் உங்களோடு திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறார்கள், அவர்களுடைய அப்பா புதுச்சேரி லாஸ்பேட்டையில். பிள்ளைகள் உங்கள் பொறுப்பில் இருப்பார்கள், அப்பாவுக்கு ‘நியாயமான சந்திப்பு உரிமை’ உண்டு, பிள்ளைகளுக்காக மாதம் 12,000 ரூபாய் அவர் தர வேண்டும் என்பதோடு தீர்ப்பு முடிந்துவிடுகிறது. ஐந்து மாதமாகப் பணம் வரவில்லை. சனிக்கிழமைதோறும் பேருந்து நிலையத்தில் நாலு பேர் பார்க்க வாக்குவாதம். மகன் போக மாட்டேன் என்கிறான். மகளுக்கு ஐந்து வயது முடிந்ததும் அப்பாவிடம் போய்விடுவாள் என்று உறவுக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். அவருடைய அண்ணன் குடும்பம் பிரான்சில் இருப்பதால் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய்விடுவாரோ என்ற கலக்கமும் இருக்கிறது. ‘பணம் கட்டும்வரை அனுப்பாமல் நிறுத்தலாமா’ என்பது உங்கள் கேள்வி. அதற்கு அடியில் இன்னும் இரண்டு கேட்கிறது: பிள்ளைகள் என் கையைவிட்டுப் போய்விடுவார்களா, இந்தச் சனிக்கிழமைச் சண்டைக்கு முடிவு உண்டா. மூன்றுக்குமே பதில் சொல்கிறேன்.

பணம் வரவில்லை என்பதற்காகச் சந்திப்பை நிறுத்தக் கூடாது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. தீர்ப்பில் அவை இரண்டும் தனித்தனிக் கட்டளைகள். ஒன்றை அவர் மீறியதால் மற்றதை மீறும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. பிள்ளைகளைக் காட்டவில்லை, அதனால் பணம் தரவில்லை என்று அவர் சொன்னாலும் எடுபடாது. இன்றைய நிலவரத்தில் தவறு முழுக்க அவர் பக்கம் இருக்கிறது: ஐந்து மாதம், 60,000 ரூபாய். நீங்கள் நான்கு சனிக்கிழமை அனுப்பாமல் விட்டால் அவருடைய வக்கீல் பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார். தேதி வாரியாக அந்த நான்கு சனிக்கிழமையைத்தான் மனுவில் எழுதுவார். ஒரு பெற்றோரிடமிருந்து பிள்ளையை மற்றவர் விலக்கி வளர்ப்பதை உச்ச நீதிமன்றம் கடுமையாகப் பார்க்கிறது. 2017ல் வந்த ஒரு தீர்ப்பில், கைக்குழந்தைப் பருவத்திலிருந்து அப்பாவிடமே வளர்ந்த சிறுமியை அம்மாவிடம் ஒப்படைக்கச் சொன்னபோது, இப்படி விலக்கி வளர்ப்பதால் வரும் கேட்டை விரிவாகவே பேசியது. அங்கே அப்பா செய்ததை நாளை ஒரு அம்மா செய்தாலும் அளவுகோல் அதேதான்.

ஒரு விலக்கு உண்டு. பிள்ளையின் உடலுக்கோ மனதுக்கோ உண்மையான ஆபத்து என்றால் அனுப்பாதீர்கள். குடித்துவிட்டு வண்டியோடு வந்து நிற்கிறார், பிள்ளை காயத்தோடு திரும்புகிறது, தகாத தொடுதல் பற்றிப் பிள்ளை ஏதாவது சொல்கிறது என்பவை இதில் வரும். அப்படியானால் அன்றே மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள், குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள், அடுத்த வேலை நாளில் சந்திப்பை நிறுத்திவைக்கவோ ஒருவரின் கண்காணிப்பில் நடத்தவோ கேட்டு நீதிமன்றத்தில் அவசர மனு போடுங்கள். நீங்களே நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்துக் காரணம் சொன்னால் நம்ப வைப்பது கடினம். இந்த விலக்கைச் சண்டைக்கான ஆயுதமாக எடுக்கவே கூடாது. நீதிபதியோ குடும்ப நீதிமன்ற ஆலோசகரோ பிள்ளையிடம் தனியாகப் பத்து நிமிடம் பேசினால் சொல்லிக்கொடுத்த வாக்கியம் எது என்று தெரிந்துவிடும். அதன்பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் பாதி விலைக்குத்தான் போகும்.

ஐந்து வயது விஷயத்தில் உறவுக்காரர்கள் சொன்னது தவறு. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6வது பிரிவு, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. அவ்வளவுதான். ஐந்து நிறைந்ததும் தந்தையிடம் போக வேண்டும் என்று அங்கே ஒரு வரிகூடக் கிடையாது. அதே சட்டத்தின் 13வது பிரிவு பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது, ஐந்துக்குப் பிறகும் அதுதான் அளவு. இயற்கைக் காப்பாளர் என்று சட்டம் முதலில் அப்பாவைச் சொல்கிறதே என்பீர்கள். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999ல் உச்ச நீதிமன்றம், அப்பா உயிரோடு இருக்கும்போதும் அம்மா காப்பாளராக இருக்க முடியும் என்று அந்தப் பிரிவுக்குப் பொருள் சொன்னது. காப்பாளர் என்ற தகுதியும் பிள்ளை யாரோடு வாழ்கிறது என்பதும் வேறு வேறு சங்கதிகள். மகளின் ஐந்தாவது பிறந்தநாள் உங்கள் தீர்ப்பில் ஒரு எழுத்தையும் மாற்றாது. அவர் மாற்றம் கேட்டு மனு போடலாம். ஆனால் தீர்ப்புக்குப் பிறகு பிள்ளைகளின் நிலைமையில் என்ன மாறியது என்பதை அவர்தான் காட்ட வேண்டும். அண்ணன் தங்கையைப் பிரிப்பதற்கு நீதிமன்றங்கள் எளிதில் சம்மதிப்பதில்லை என்பதும் உங்களுக்குத் துணை.

இனி சண்டையின் வேருக்கு வருகிறேன். ‘நியாயமான சந்திப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட அன்று இருவருக்கும் சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பினால் போதும் என்றிருந்திருக்கும். பரஸ்பர சம்மத வழக்குகளில் இதுதான் அதிகம் நடக்கும் பிழை. நகைக்கும் சீர்வரிசைக்கும் இரண்டு பக்கம் பட்டியல் போடுவார்கள், பிள்ளைகளுக்கு ஒரு வரி. நியாயம் என்பது உங்களுக்கு மூன்று மணி நேரம், அவருக்கு இரண்டு நாள். இருவருமே தீர்ப்பை மதிப்பதாக நம்பிக்கொண்டே சண்டை போட முடிகிறது. இப்படி எழுதிய ஆணையை மீறினார் என்று யார் மேலும் நிறைவேற்று மனு (தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கேட்கும் மனு) போட்டு ஜெயிப்பதும் கடினம். எந்த நாள், எத்தனை மணி என்றே இல்லாதபோது எதை மீறினார் என்று காட்டுவது? எனவே உங்கள் முதல் வேலை அந்த வரியை விரித்து எழுதி ஆணையாக்கிக்கொள்வது. இந்து திருமணச் சட்டத்தின் 26வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. விவாகரத்து முடிந்த பிறகும் பிள்ளைகளின் பொறுப்பு, பராமரிப்பு, கல்வி பற்றிப் புதிய ஆணை பிறப்பிக்கவும் பழையதை மாற்றவும் அதே நீதிமன்றத்துக்கு அது அதிகாரம் தருகிறது. பிள்ளைகள் பற்றிய ஆணை எதுவும் முடிந்த முடிவு கிடையாது. இருவரும் சேர்ந்து விரிவான உடன்படிக்கை எழுதித் தாக்கல் செய்து, அதன்படி ஆணை கேட்பது சிறந்த வழி. அவர் வராவிட்டால் உங்கள் திட்டத்தை மனுவோடு இணைத்து நீங்கள் மட்டும் கேட்கலாம்.

அந்தத் திட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் சண்டை நிற்பதும் தொடர்வதும் இருக்கிறது. நாளில் தொடங்குவோம். முதல் சனி, மூன்றாம் சனி என்று எழுதினால், ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் மூன்றாம் சனிக்கும் அடுத்த முதல் சனிக்கும் நடுவே மூன்று வாரம் விழும், அப்போது ஐந்தாவது சனி யாருக்கு என்று தகராறு வரும். ‘ஒன்றுவிட்டு ஒரு வாரம்’ என்று எழுதினால் இது வராது, ஆனால் நாட்காட்டியில் குறித்துக்கொண்டே போக வேண்டும். எதை எழுதினாலும் தொடங்கும் தேதியை எழுதுங்கள். சனிக்கிழமை பள்ளி வைத்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வரி வேண்டும். மகனுக்குச் சனி காலை 10 மணி முதல் ஞாயிறு மாலை 5 மணி வரை பொருந்தும். நான்கரை வயது மகளுக்கு எடுத்த எடுப்பில் இரவு தங்கல் வேண்டாம். முதல் இரண்டு மாதம் சனிக்கிழமை நான்கு மணி நேரம், அடுத்த இரண்டு மாதம் பகல் முழுவதும், அதன்பின் அண்ணனோடு ஒரு இரவு என்று படிப்படியாக எழுதினால் பிள்ளையும் பழகும், அப்பாவுக்கும் எப்போது என்பது தெளிவாகும். ‘பின்னர் பார்த்துக்கொள்ளலாம்’ என்று எழுதிய இரவு தங்கல் எதுவும் சண்டையில்லாமல் தொடங்குவதில்லை.

கைமாற்றும் இடம் பேருந்து நிலையமாக இருக்கக் கூடாது. இரைச்சல், கூட்டம், தாமதமாகும் பேருந்து, இதற்கு நடுவே பையோடு நிற்கும் பிள்ளை என்றால் எந்தப் பேச்சும் சண்டையில்தான் முடியும். மகனின் சந்திப்பை வெள்ளி மாலையே தொடங்க இருவரும் ஒத்துக்கொண்டால் பள்ளியே மிக நல்ல இடம்: வெள்ளி காலை நீங்கள் விடுகிறீர்கள், மாலை அவர் அழைத்துப்போகிறார், நீங்கள் இருவரும் சந்திக்கவே தேவையில்லை. இதற்கு ஆணையின் நகலும் அவருடைய படமும் பள்ளி அலுவலகத்தில் இருக்க வேண்டும். அது முடியாவிட்டால் இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவர் வீடு, அதுவும் இல்லாவிட்டால் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் போல நடுவழியில் உட்கார இடமுள்ள ஓர் உணவகம். காத்திருக்கும் நேரத்தையும் எழுதுங்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான், ஆனால் வார இறுதியில் முருங்கப்பாக்கம், மரப்பாலம் பக்கம் சிக்கினால் எத்தனை மணிக்கு வந்து சேர்வார் என்று அவராலேயே சொல்ல முடியாது. 30 நிமிடம் வரை தாமதம் மன்னிப்பு, அதற்குள் ஒரு குறுஞ்செய்தி, 45 நிமிடத்துக்கு மேல் தகவலே இல்லாவிட்டால் அன்றைய சந்திப்பு ரத்து என்பது நடைமுறையில் தாங்கும் அளவு.

நம் கரையில் மழையையும் எழுதியாக வேண்டும். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த 2024 நவம்பர் 30 ஒரு சனிக்கிழமை. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரின் ஓரப் பகுதிகளிலும் பாகூர் பக்கமும் புகுந்தது. அப்படி ஒரு நாளில் ‘வேண்டுமென்றே அனுப்பவில்லை’ என்றும் ‘பிள்ளையை வெள்ளத்தில் கூப்பிடுகிறார்’ என்றும் இரண்டு தரப்பும் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிவப்பு எச்சரிக்கை வந்தாலோ, கடலூர், புதுச்சேரி இரண்டில் எங்கே பள்ளிகளுக்கு விடுமுறை விட்டாலோ, சந்திப்பு அடுத்த சனிக்குத் தானாகத் தள்ளிப்போகும், அன்று மாலை காணொளி அழைப்பு உண்டு என்று எழுதிவிடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் இதே விதிதான், மருத்துவர் சீட்டின் படத்தை அனுப்பினால் போதும்.

விடுமுறைகளுக்குப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் நாட்காட்டியே அளவு என்று எழுத வேண்டும். புதுச்சேரியில் அரசுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால் விடுமுறைத் தேதிகள் இரு பக்கமும் ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. ஆகஸ்ட் 16ம் நவம்பர் 1ம் அவருக்கு ஊர் விடுமுறை, கடலூர்ப் பள்ளிக்கு வேலை நாள். கோடை விடுமுறையில் ஒரு பாதி அவருக்கு, அதை இரண்டு தவணையாகப் பிரியுங்கள், சின்னவள் தொடர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் உங்களைப் பிரியாதபடி. பொங்கலில் போகியும் பொங்கலும் ஒருவருக்கு, மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் மற்றவருக்கு, மறு ஆண்டு மாற்றிக்கொள்ளலாம். தீபாவளி ஒரே காலைதான், அதை 12 மணிக்கு வெட்டிப் பிள்ளைகளைப் பலகாரத்தோடு அலைக்கழிக்காமல் ஒற்றைப்படை ஆண்டு ஒருவர், இரட்டைப்படை ஆண்டு ஒருவர் என்று வைப்பது நல்லது. மற்றவர் மறுநாள் கொண்டாடிக்கொள்ளலாம்.

சிறியதாகத் தெரிந்தாலும் விட்டுவிடக் கூடாதவை சில. வாரம் இரண்டு நாள், சொன்ன நேரத்தில் காணொளி அழைப்பு: மகனுக்கு 15 நிமிடம், மகளுக்கு 5 நிமிடமே அதிகம், பக்கத்தில் நின்று பதில் எடுத்துக்கொடுக்கக் கூடாது. சந்திப்பு உரிமையோடு, அழைப்பு மூலமான தொடர்பு உரிமையும் முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் 2020ல் சொல்லியிருக்கிறது. பள்ளிப் பதிவேட்டில் இருவர் பெயரும் எண்ணும் இருக்கட்டும், மதிப்பெண் அட்டை இருவருக்கும் போகட்டும். அவசர சிகிச்சையை யாரிடம் பிள்ளை இருக்கிறதோ அவரே முடிவு செய்து ஒரு மணி நேரத்துக்குள் மற்றவருக்குச் சொல்லட்டும், அறுவை சிகிச்சை போன்ற திட்டமிட்ட சிகிச்சைக்கு இருவர் சம்மதமும் வேண்டும். ஊர் மாற நினைப்பவர் 60 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒருவருக்கொருவர் செய்தியைப் பிள்ளை வாயால் சொல்லி அனுப்பக் கூடாது. ‘அப்பாகிட்ட ஃபீஸ் எப்ப கட்டுவீங்கனு கேளு’ என்ற ஒரு வாக்கியம் எட்டு வயதுப் பையனின் தலையில் எவ்வளவு கனம் என்பதை, அவன் இரண்டு நாள் சாப்பிடாமல் இருக்கும்போதுதான் வீட்டார் கவனிக்கிறார்கள்.

பணத்துக்கு வருவோம். தீர்ப்பின் சான்றிட்ட நகலை எடுத்துக் கடைசிப் பத்தியைப் பாருங்கள். 12,000 ரூபாய் தீர்ப்பின் உத்தரவுப் பகுதியிலேயே இருக்கிறதா, அல்லது நீங்கள் இருவரும் தந்த கூட்டு மனுவில் மட்டும் இருந்து, அந்த மனு தீர்ப்பின் பகுதி என்று நீதிபதி சேர்க்காமல் விட்டுவிட்டாரா? முதலாவது என்றால் நேராக நிறைவேற்று மனு போடலாம். மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளத்தைப் பற்றுகை செய்ய, அதாவது சம்பளத்திலிருந்தே பிடித்துத் தர, கேட்பதே விரைவான வழி. சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் கொஞ்சம்தான் பிடிக்க முடியும், ஜீவனாம்சத் தீர்ப்புக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கை விட்டு மீதியைப் பிடிக்கலாம் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60வது பிரிவு. சம்பளம் 36,000 என்றால் 24,000 வரை கை வைக்க முடியும். அவர் வேலை செய்யும் நிறுவனம் புதுச்சேரியில் இருப்பதால் நிறைவேற்றத்துக்காகத் தீர்ப்பை அங்குள்ள நீதிமன்றத்துக்கு மாற்றக் கேட்க நேரலாம். தொகை கூட்டு மனுவில் மட்டுமே இருந்தால், 26வது பிரிவு மனுவிலேயே பராமரிப்பையும் சேர்த்துக் கேளுங்கள், அல்லது பிள்ளைகளுக்காகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144வது பிரிவில் தனி மனு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125தான் இப்போது அந்த எண்ணில் இருக்கிறது. 144ல் பெற்ற ஆணைப்படி பணம் வராவிட்டால், ஒவ்வொரு மாத நிலுவைக்கும் அது சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் பிடியாணை கேட்டு மனு போட வேண்டும். பொறுத்துப் பார்ப்போம் என்று ஒன்றரை வருடம் விட்டால் முதல் ஆறு மாத நிலுவையை அந்த வழியில் கேட்க முடியாமல் போய்விடும்.

2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்படி ஜீவனாம்ச வழக்கில் இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும், ஏற்கெனவே வேறு ஆணை இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் சம்பளத்தையும் சேர்த்துத்தான். புதிய உடன்படிக்கையில் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் வங்கி வழியாக, ஆண்டுக்கு 10 சதவீத உயர்வு, பள்ளிக் கட்டணத்தைப் பள்ளிக்கே நேரடியாக என்று எழுதிக்கொள்ளுங்கள். பலர் உயர்வை எழுத மறந்துவிட்டு, மகன் பத்தாம் வகுப்புக்கு வரும்போது இரண்டாம் வகுப்புத் தொகையோடு நிற்கிறார்கள். விவாகரத்து நேரத்தில் ‘எனக்கும் பிள்ளைகளுக்கும் எதுவும் வேண்டாம்’ என்று எங்காவது கையெழுத்திட்டிருந்தாலும் கலங்க வேண்டாம். உங்கள் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம், பிள்ளைகளுடையதை விட்டுக்கொடுக்க முடியாது என்பதே நீதிமன்றங்கள் எடுக்கும் நிலை.

மகன் போக மாட்டேன் என்பதை ஒரே வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த நேரத்தில் சொல்கிறான் என்று பாருங்கள். வெள்ளி இரவு சொல்லி, ஞாயிறு சிரித்துக்கொண்டு திரும்பினால், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறுவதுதான் அவனுக்குக் கஷ்டம், அப்பா கஷ்டமில்லை. சனிக்கிழமை கிரிக்கெட் போய்விடுகிறது, அங்கே தனக்கென்று ஒரு தலையணைகூட இல்லை, தாத்தா பாட்டி அம்மாவைப் பற்றிக் கேள்வி கேட்கிறார்கள் என்பதெல்லாம் ‘மாட்டேன்’ என்ற சொல்லுக்குள்தான் ஒளிந்திருக்கும். ‘அங்கே எது உனக்குப் பிடிக்கல?’ என்று கேளுங்கள். ‘அப்பா உன்ன என்ன பண்ணாரு?’ என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வியே பதிலையும் எழுதிக் கொடுத்துவிடும். அவனுடைய உடையில் ஒரு பகுதியும் ஒரு பல் துலக்கியும் லாஸ்பேட்டையிலேயே இருக்கட்டும். சட்டப்படி, தெளிவான விருப்பம் சொல்லும் பக்குவம் உள்ள பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கவனிக்கலாம் என்கிறது 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் 17வது பிரிவு. வயது எதையும் அது குறிப்பிடவில்லை. எட்டு வயதில் நீதிபதி அறைக்குள் அழைத்துப் பேச வாய்ப்புண்டு, ஆனால் அவன் சொல்வது பல காரணங்களில் ஒன்றாக எடைபோடப்படும், அதுவே தீர்ப்பாகிவிடாது.

பிரான்ஸ் பயம் புதுச்சேரியில் வெறும் கற்பனை என்று தள்ள முடியாதது. 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை, ஒரு பெற்றோர் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் திரும்ப அனுப்ப வழி செய்கிறது. பிரான்ஸ் அதில் இருக்கிறது, இந்தியா இல்லை. அதனால் பிள்ளை போய்விட்டபின் அந்த வழி உங்களுக்குத் திறக்காது, தடுப்பு முன்பே இருக்க வேண்டும். மற்றவரின் எழுத்துச் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் எவரும் பிள்ளைகளை நாட்டைவிட்டு அழைத்துப்போகக் கூடாது என்ற வரியை ஆணையில் சேர்த்து, அதன் நகலைப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பொதுவாக இருவர் கையெழுத்தும் தேவை. ஒருவர் மட்டும் விண்ணப்பிக்கும் முறையும் உண்டு, அதற்கு அவர் உறுதிமொழி தர வேண்டும். உங்கள் கடிதம் கோப்பில் இருந்தால் அந்த உறுதிமொழியை யாரும் கண்மூடி ஏற்க மாட்டார்கள். ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்தால் யார் கையில் இருக்கும் என்பதையும் எழுதுங்கள். நான் சொல்வதெல்லாம் உங்கள் திருமணம் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் நடந்தது என்பதை வைத்துத்தான். புதுச்சேரியில் பிரெஞ்சுக் காலத்தில் மதவழித் தனிநபர் சட்டத்தைத் துறந்த ரெனோன்சான் குடும்பங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, பிரெஞ்சு சிவில் சட்டம்தான். உங்களைப் போன்ற கேள்வியோடு வேறு யாராவது இதைப் படித்தால் முதலில் அதை உறுதி செய்துகொள்ளட்டும்.

அவர் புதுச்சேரி குடும்ப நீதிமன்றத்தில் தனி மனு போட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். காப்பாளர் சட்டப்படியான மனு, பிள்ளைகள் வழக்கமாக வாழும் ஊரில்தான் போட வேண்டும், உங்கள் பிள்ளைகளுக்கு அது கடலூர். அப்படியே அங்கே போட்டாலும் மாற்றக் கேட்டு டெல்லி உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டாம். மாநிலம் வேறானாலும் இரண்டு ஊர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ் இருப்பதால், வழக்கு மாற்ற மனுவைச் சென்னையிலேயே போடலாம். சந்திப்புக்கு அழைத்துப்போய்த் திருப்பி அனுப்ப மறுத்தால், அதே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. கையில் நீதிமன்ற ஆணை இருப்பவருக்கு அது வலுவான வழி. குடும்ப நீதிமன்றத்தில் நீங்களே நேரில் வாதாடலாம், வக்கீல் வைக்க நீதிமன்றம் பொதுவாக அனுமதிக்கும். கட்டணம் கவலை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் தர 1987ஆம் ஆண்டு சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது தீர்ப்பின் சான்றிட்ட நகல், கூட்டு மனு, பணம் வந்த மாதங்களுக்கும் வராத மாதங்களுக்கும் வங்கி அறிக்கை, பள்ளிக் கட்டண ரசீதுகள் எடுத்துப்போங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், அந்தப் போனையும் மாற்றிவிடாதீர்கள். அவற்றைச் சாட்சியமாகத் தரும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63வது பிரிவுப்படி ஒரு சான்று இணைக்க வேண்டும், வக்கீல் தயாரித்துத் தருவார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் மேலே சொன்னவை உறுதி. இனிச் சொல்வது அனுமானம். மகளுக்கு இரவு தங்கல் எப்போது என்பது முழுக்க நீதிபதியின் பார்வை, நான் சொன்ன படிநிலையைவிட வேகமாகவும் ஆணை வரலாம். சம்மதத்தோடு போனால் ஓரிரு வாய்தாவில் முடியலாம், எதிர்த்தால் மாதக்கணக்கில் இழுக்கும், அதனால் இடைக்கால ஆணை கேட்டுத் தனி மனுவும் சேர்த்தே போடச் சொல்லுங்கள். அவர் ஏன் பணத்தை நிறுத்தினார் என்பது நீங்கள் எழுதியதில் இல்லை. வேலை போயிருந்தால் பற்றுகை செய்யச் சம்பளமே இருக்காது. அப்போது நிலுவையைத் தவணையாகக் கட்ட எழுதி வாங்குவதே கைக்கு வரும் வழி. உங்கள் தீர்ப்பையும் நான் பார்க்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு உள்ளூர் வக்கீல் நான் சொன்னதற்கு மாறாக எதையாவது சொன்னால், எந்தப் பத்தியை வைத்துச் சொல்கிறார் என்று கேட்டுவிட்டு அவர் வழியில் போங்கள்.

வருகிற சனிக்கிழமைக்கு: இன்றிரவே ஒரு செய்தி அனுப்புங்கள். ‘சனி காலை 10 மணிக்குப் பிள்ளைகள் தயாராக இருப்பார்கள். பேருந்து நிலையம் வேண்டாம், உங்கள் சித்தப்பா வீட்டில் விடுகிறேன். மாலை 6 மணிக்கு அங்கேயே அழைத்துக்கொள்கிறேன். சின்னவளுக்குச் சளி மருந்து பையில் இருக்கிறது, மதியம் சாப்பிட்டபின் 5 மில்லி.’ சித்தப்பா வீடு இல்லையென்றால் இருவருக்கும் பொதுவான வேறு வீட்டை எழுதுங்கள். பணத்தைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு சொல்லும் வேண்டாம், அதை வேறொரு நாளில், மாதமும் தொகையும் மட்டும் போட்டுத் தனியாக அனுப்புங்கள். சனி மாலை பிள்ளைகள் திரும்பியதும், எத்தனை மணிக்கு விட்டீர்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.